கிரீன் டீயும் புற்றுநோய் பரவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அடையாறு பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான சீட்டோடு வருகிறவர்கள் எங்கள் கடைக்கு அதிகம். மருந்தை வாங்கிப் பையில் போட்ட பிறகு, பலரும் கொஞ்சம் தயங்கிவிட்டு கிரீன் டீயைப் பற்றிக் கேட்பார்கள். கிரீன் டீ குடித்தால் புற்றுநோய் பரவாது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டுவார்கள். அந்தக் கேள்விகளுக்கு நின்ற இடத்தில் நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கிரீன் டீ குடித்தால் புற்றுநோய் பரவாமல் நின்றுவிடுமா?

நின்றுவிடும் என்று சொல்ல இன்றைக்கு ஆதாரம் இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் கிரீன் டீயில் உள்ள சில பொருள்கள் பரவலைத் தடுத்தது உண்மை. நோயாளிகளிடம் அது நடக்கிறது என்று யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை. பிடித்திருந்தால் நாளுக்கு இரண்டு மூன்று கப் குடிப்பதில் பெரும்பாலானவர்களுக்குத் தவறில்லை. ஆனால் கிரீன் டீ சாற்றை அடைத்து விற்கும் மாத்திரை வேறு விஷயம். சிகிச்சை நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் அதைச் சாப்பிடுவது ஆபத்து.

அந்த இலையில் அப்படி என்னதான் இருக்கிறது?

கிரீன் டீயும் நம் டீக்கடை டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையை உடனே ஆவியிலோ சட்டியிலோ சூடாக்கினால் அது பச்சையாகவே நிற்கும். நசுக்கிக் காற்றுப்பட விட்டால் கறுத்துப்போகும். நீலகிரியிலிருந்து நமக்கு வரும் தூள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

பச்சை இலையில் கேட்டச்சின்கள் என்ற பொருள்கள் நிறைய. அந்தக் குடும்பத்தில் முக்கியமானது எபிகாலோகேட்டச்சின் காலேட். வாயில் நுழையாத பெயர் என்பதால் ஈஜிசிஜி என்று சுருக்கிவிட்டார்கள். ஒரு கப் கிரீன் டீயில் ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிகிராம் வரை இது இருக்கும். இலைக்கும் போடும் விதத்துக்கும் தக்கபடி கூடும், குறையும். இலை கறுக்கும்போது கேட்டச்சின்கள் பெருமளவு வேறு பொருள்களாக மாறிவிடுகின்றன. டீத்தூளுக்கு அந்தச் செந்நிறம் வருவது அதனால்தான்.

புற்றுநோய் பரவுவதை இது எந்த இடத்தில் தடுப்பதாகச் சொல்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள, பரவல் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். புற்றுநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பங்கு முதலில் வந்த கட்டியால் அல்ல, அது நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை என்று வேறு இடங்களில் போய் உட்கார்ந்துகொள்வதால்தான். அந்தப் பயணம் ஒரே தாவலில் நடப்பதில்லை. செல் முதலில் பக்கத்துச் செல்களிடமிருந்து பிடியை விட வேண்டும். அப்புறம் தன்னைச் சுற்றியிருக்கும் சவ்வைக் கரைத்து வெளியேற வேண்டும். இரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைந்து, நோய் எதிர்ப்புச் செல்களிடம் மாட்டாமல் தப்பி, இன்னொரு உறுப்பில் இறங்க வேண்டும். அங்கே வளர்வதற்குத் தனக்கென்று புது இரத்தக் குழாய்களையும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கிளம்பும் செல்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகின்றன.

ஈஜிசிஜி இந்தப் பாதையில் பல இடங்களில் குறுக்கிடுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சவ்வைக் கரைக்கப் புற்றுச் செல்கள் பயன்படுத்தும் எம்எம்பி-2, எம்எம்பி-9 என்ற நொதிகளின் வேகத்தை அது குறைக்கிறது. புது இரத்தக் குழாய்களை வரவழைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தின் தூண்டுதலையும் மட்டுப்படுத்துகிறது. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 1999-ல் எலிகளுக்குத் தண்ணீருக்குப் பதில் கிரீன் டீ கொடுத்து, கண்ணின் விழிவெண்படலத்தில் புது இரத்தக் குழாய்கள் வளர்வது குறைந்ததைக் காட்டினார்கள். 2004-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செல்லின் மேற்பரப்பில் ஈஜிசிஜி போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். லேமினின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. பரவும் இயல்புள்ள புற்றுச் செல்களில் அந்த ஏற்பி அதிகமாகக் காணப்படுகிறது என்பதால் அந்தக் கண்டுபிடிப்புக்கு மதிப்பு உண்டு.

பரவலைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பிடித்த எலி ஆய்வு 2001-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்தது. புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் தானாகவே வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்குக் குடிநீரில் கிரீன் டீயின் பாலிஃபீனால்களை, அதாவது கேட்டச்சின்கள் அடங்கிய கலவையை, கலந்து கொடுத்தார்கள். கட்டி வளர்வது தாமதமானது. தூரத்து உறுப்புகளுக்குப் பரவுவது ஏறத்தாழ முழுவதுமாகவே நின்றது. வாட்ஸ்அப் செய்திகளை எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் கற்பனை செய்துவிடவில்லை. இதுபோன்ற ஆய்விலிருந்து ஒரு வரியை மட்டும் உருவி எடுக்கிறார்கள்.

எலியில் நடந்தது நமக்கு ஏன் நடக்கக் கூடாது?

அளவுதான் பிரச்சினை. ஆய்வகத் தட்டில் செல்களின் மேல் ஊற்றும் ஈஜிசிஜியின் அடர்த்தி பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார். ஒருவர் இரண்டு மூன்று கப் கிரீன் டீ குடித்தால் இரத்தத்தில் உச்சமாகச் சேர்வது 1 மைக்ரோமோலாருக்கும் குறைவு. பத்து மடங்கு, நூறு மடங்கு வித்தியாசம். ஒரு சிட்டிகை உப்பை டம்ளர் தண்ணீரில் போடுவதற்கும் கிணற்றில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன்.

குடித்த ஈஜிசிஜியில் குடல் உறிஞ்சுவது கொஞ்சம்தான். உள்ளே போனதையும் கல்லீரல் மாற்றி வெளியே அனுப்பிவிடும். குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வகத் தட்டின் திரவத்தில் ஈஜிசிஜி தானாகவே சிதைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். சில சோதனைகளில் செல்களைக் கொன்றது ஈஜிசிஜியா, அந்த பெராக்சைடா என்றே சந்தேகம் எழுந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எலி ஆய்வுகளில் கட்டி பெரிதாகும் முன்பே தேநீர்ப் பொருளைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். நம்மிடம் கேள்வி கேட்டு வருகிறவருக்கோ நோய் ஏற்கனவே வந்து, ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது.

மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா, இல்லையா?

பார்த்தார்கள். நம்பிக்கை தந்த முடிவுகளும் வந்தன, ஏமாற்றிய முடிவுகளும் வந்தன. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

2006-ல் இத்தாலியில் 60 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தது. பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் கேட்டச்சின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஓராண்டு முடிவில் கேட்டச்சின் எடுத்த 30 பேரில் ஒருவருக்கும், வெற்று மாத்திரை எடுத்த 30 பேரில் 9 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 2015-ல் அமெரிக்காவில் 97 ஆண்களை வைத்துக் கிட்டத்தட்ட அதே கேள்வியைச் சோதித்தபோது, புற்றுநோய் வந்தவர்களின் எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை.

பாலிப் என்று சொல்லும், குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சியிலும் இதே கதைதான். அவற்றில் சில பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும். ஜப்பானில் 2008-ல் வெளியான ஆய்வில், பாலிப்பை அகற்றிய 136 பேரில் கிரீன் டீ சாறு எடுத்தவர்களுக்கு அது திரும்ப வருவது 31 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. ஜெர்மனியில் மூன்று ஆண்டுகள் மாத்திரை கொடுத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. அதில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 55.7 சதவீதம் பேருக்கும், கிரீன் டீ சாறு எடுத்தவர்களில் 51.1 சதவீதம் பேருக்கும் பாலிப் திரும்ப வந்தது. புள்ளியியல் கணக்கில் அதை வேறுபாடு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஏற்கனவே முற்றிய நோயிலோ விளைவு இன்னும் குறைவு. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 42 பேருக்கு நாளுக்கு 6 கிராம் கிரீன் டீ கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2003-ல் வெளியானது. பிஎஸ்ஏ (நோயின் போக்கைக் காட்டும் இரத்தப் புரதம்) அளவு குறிப்பிடும்படி இறங்கியது ஒரே ஒருவருக்கு, அதுவும் நிலைக்கவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று பக்கவிளைவுகள்தான் பலருக்கும் வந்தன.

2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 142 ஆய்வுகளை, அதாவது 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை, ஒன்றாக வைத்து அலசியது. புற்றுநோய் வருவதைக் கிரீன் டீ தடுக்கிறது என்பதற்குச் சான்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதே அதன் முடிவு.

ஜப்பான்காரர்கள் கிரீன் டீயால்தான் நன்றாக இருக்கிறார்கள் என்கிறார்களே?

மியாகி மாநிலத்தில் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. எத்தனை கப் குடித்தாலும் இரைப்பைப் புற்றுநோய் குறையவில்லை.

பரவலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது 1998-ல் ஜப்பானின் சைதாமாவிலிருந்து வந்த ஆய்வை. மார்பகப் புற்றுநோய் வந்த 472 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். முதல் இரண்டு நிலைகளில் நோய் கண்டறியப்பட்டவர்களில், நாளுக்கு 5 கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு நோய் திரும்ப வந்தது 16.7 சதவீதம். குறைவாகக் குடித்தவர்களுக்கு 24.3 சதவீதம். மூன்றாம் நிலையில் வேறுபாடே இல்லை. இது யாருக்கும் டீயைப் பிரித்துக் கொடுத்துச் செய்த சோதனை அல்ல, ஏற்கனவே இருந்த பழக்கத்தைக் கேட்டுக் கணக்கிட்டது. நிறைய கிரீன் டீ குடிக்கிறவர் வேறு விதங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவராக இருக்கலாம். ஆனாலும் இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். இன்னும் நல்ல ஆய்வு செய்யத் தகுந்த கேள்வி இது.

கப்பில் போதவில்லை என்றால், மாத்திரையாக நிறையச் சாப்பிட்டால் என்ன?

இந்தக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. இயற்கைப் பொருள், கெடுதல் இருக்காது என்ற நினைப்பில் கேட்கிறார்கள்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இதை ஆராய்ந்தது. மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈஜிசிஜி எடுத்தால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் ஏறுகின்றன என்று சொன்னது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஓராண்டு ஏறக்குறைய அந்த அளவே கொடுத்தபோது, நூற்றில் ஐந்தாறு பேருக்கு அப்படி ஏறியது. மருந்தை நிறுத்தியதும் இறங்கியது. அதற்கும் முன்பே, 2003-ல், எடை குறைப்புக்கென்று விற்ற ஒரு கிரீன் டீ சாறு மாத்திரையைக் கல்லீரல் பாதிப்புகள் காரணமாகப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிலருடைய மரபணு அமைப்பு அவர்களை இந்தப் பாதிப்புக்கு எளிதில் ஆளாக்குகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் இரத்தத்தில் ஏறும் அளவு இன்னும் கூடும்.

கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவதே கல்லீரல்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இரத்தப் பரிசோதனை எடுத்து, கல்லீரல் அளவுகள் சரியாக இருந்தால்தான் டாக்டர் அடுத்த ஊசியைப் போடுவார். கிரீன் டீ மாத்திரையால் அந்த அளவு ஏறினால், கீமோ தள்ளிப்போகும். பரவலைத் தடுக்க வாங்கிய மாத்திரையே பரவலைத் தடுக்கும் சிகிச்சையைத் தாமதப்படுத்திவிடும். மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண்ணோ தோலோ மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், வலது விலாவுக்குக் கீழே வலித்தால், அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அம்மாவுக்கு கீமோ நடக்கிறது. சாதாரணமாகக் கிரீன் டீ கொடுக்கலாமா?

நாளுக்கு ஒன்றிரண்டு கப் என்றால் பெரும்பாலும் கொடுக்கலாம். எந்த மருந்து என்று பார்த்துவிட்டுச் சொல்வதே சரி.

போர்டிசோமிப் என்ற ஊசி மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குப் போடுவது. ஈஜிசிஜி அந்த மருந்தோடு நேராகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2009-ல் ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டார்கள். அந்த ஊசி போடுகிறவர்கள் சாறு மாத்திரை பக்கமே போகக் கூடாது. டீயையும் டாக்டரைக் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சுனிடினிப் மாத்திரையோடும் ஈஜிசிஜி பிணைந்து, உடம்பில் சேரும் மருந்தைக் குறைப்பதாக எலி ஆய்வு உண்டு. நாடலால் என்ற இரத்த அழுத்த மாத்திரையைக் கிரீன் டீயோடு எடுத்த ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இரத்தத்தில் மருந்தின் அளவு 85 சதவீதம் குறைந்தது. எலியில் இல்லை, மனிதர்களிடமே.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்து இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால், மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடும் டீ வேண்டாம். தேநீரில் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச விடாது. வாய்ப்புண் இருக்கும் நாட்களில் ஆறவைத்துக் கொடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் கொடுத்தால் தூக்கம் கெடும், கிரீன் டீயிலும் காஃபீன் உண்டு.

அப்படியானால் இந்தப் பொருள் எதற்குமே உதவாதா?

உதவுகிறது, நேராகத் தொடும் இடத்தில். கிரீன் டீ கேட்டச்சின்களால் ஆன ஒரு களிம்பைப் பிறப்புறுப்பு மருக்களுக்கான மருந்தாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல் அங்கீகரித்தது. சீனாவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த பெண்களின் தோலில் ஈஜிசிஜி கரைசலைத் தெளித்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளியானது. தோல் மோசமாகப் புண்ணாவது 72.2 சதவீதத்திலிருந்து 50.5 சதவீதமாகக் குறைந்தது. இரத்தம் வழியாகச் சுற்றி வரும்போது எட்டாத அடர்த்தி, மேலே தடவும்போது எட்டிவிடுகிறது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வீட்டில் டீயை வடிகட்டிக் கதிர்வீச்சுப் பட்ட தோலில் தெளிக்காதீர்கள். அவர்கள் பயன்படுத்தியது அளந்து தயாரித்த சுத்தமான கரைசல்.

டீக்கடைப் பால் டீயில் ஒன்றுமே இல்லையா?

கேட்டச்சின் குறைவு. பால் சேர்ப்பதால் இருப்பதும் போய்விடுமா என்பதில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. எனக்கு டீக்கடையில் கவலை தருவது சூடுதான். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. டீயோ காபியோ கிரீன் டீயோ, எதுவானாலும் சரி. கொதிக்கக் கொதிக்க வாங்கி அதே வேகத்தில் குடிக்கும் பழக்கம் நம் ஊரில் பலருக்கும் இருக்கிறது. நாலைந்து நிமிடம் விட்டுக் குடியுங்கள். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் உணவுக்குழாய்க்கு ஆபத்து இன்னும் பெரிது.

எப்படிப் போட வேண்டும்?

கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு, ஏறக்குறைய 80 டிகிரியில், இலையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம். அதற்கு மேல் ஊறினால் கசக்கும். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் கேட்டச்சின்கள் குடலில் சிதையாமல் நிற்பது கூடுவதாக ஆய்வகச் சோதனை உண்டு. போர்டிசோமிப் போடுகிறவர்களுக்கு இந்த யோசனை வேண்டாம். சர்க்கரை வேண்டாம். பாட்டிலில் விற்கும் கிரீன் டீ பானங்கள் பலவற்றில் சர்க்கரைதான் முக்கியச் சரக்கு.

பரவாமல் இருக்க உண்மையில் என்ன செய்ய முடியும்?

பரவுவதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் முதல் வழி. சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகமும் கருப்பை வாயும் முன்னால் நிற்கின்றன. இரண்டையும் சீக்கிரமே கண்டுபிடிக்க முடியும். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பூசியாலும் பரிசோதனையாலும் பெருமளவு வராமலே தடுக்கலாம். மாதக்கணக்கில் கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, வலியில்லையே என்று தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.

சிகிச்சை தொடங்கிவிட்டால் நடுவில் விடக் கூடாது. ஹார்மோன் மாத்திரைகளை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் சாப்பிடச் சொல்வார்கள். இரண்டு வருடத்தில், "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் தடுப்பதில் அந்தச் சின்ன மாத்திரைக்கு இருக்கும் சான்றில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிரீன் டீக்கு இல்லை. பணம் தடையாக இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி மருத்துவமனையில் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியதே, பணமில்லாதவருக்கும் இந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கிரீன் டீ மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ?

சிலர் கடிந்துகொள்ளலாம். அப்படியிருந்தாலும் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தால்தான், கல்லீரல் அளவு ஏறும்போது காரணத்தை வேறெங்கும் தேடாமல் இருப்பார். "ஏதோ மூலிகை" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. டப்பாவையே கையோடு எடுத்துப்போங்கள். ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் ஈஜிசிஜி, நாளுக்கு எத்தனை, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சித்த மருந்து, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடி, எடை குறைப்புத் தூள் எதுவாக இருந்தாலும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள். டாக்டரிடம் நேரம் கிடைக்கவில்லை என்றால் கீமோ வார்டு செவிலியரிடமாவது மருந்தாளுநரிடமாவது, அடுத்த ஊசிக்கு முன்னால் காட்டிவிடுங்கள்.